1914-ல் நடுநிலை, 1917-ல் போர்: அமெரிக்கா முதல் உலகப் போருக்குள் இழுக்கப்பட்டது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"லூசிடானியா கப்பல் மூழ்கடிக்கப்பட்டது, அதனால் அமெரிக்கா போரில் இறங்கியது." பள்ளியில் நம்மில் பலர் மனப்பாடம் செய்த வரி இது. ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி அந்த பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் மூழ்கியது 1915 மே 7. அமெரிக்கா போர் அறிவித்தது 1917 ஏப்ரல் 6. நடுவில் 23 மாதங்கள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கேள்வி பதில்.

போர் தொடங்கியபோது அமெரிக்கா உண்மையிலேயே ஒதுங்கி இருக்க நினைத்ததா? அல்லது அது வெறும் பேச்சா?

உண்மையிலேயே நினைத்தது. 1914 ஆகஸ்ட் 4 அன்று அதிபர் உட்ரோ வில்சன் நடுநிலை அறிவிப்பை வெளியிட்டார். இரண்டு வாரம் கழித்து, மக்கள் "எண்ணத்திலும் செயலிலும்" பாரபட்சமில்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இதற்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அன்று அமெரிக்க மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர், அல்லது வெளிநாட்டில் பிறந்த தாய் தகப்பனுக்குப் பிறந்தவர். மில்வாக்கி, சின்சினாட்டி போன்ற ஊர்களில் ஜெர்மன் மொழிப் பத்திரிகைகளும் பள்ளிகளும் செழித்திருந்தன. ஐரிஷ்காரர்களுக்கு பிரிட்டன் என்றாலே ஆகாது. ரஷ்ய ஜாரின் கொடுமைக்குத் தப்பி வந்த யூதர்களுக்கு ரஷ்யா இருக்கும் அணி ஜெயிப்பதில் என்ன சந்தோஷம் இருக்க முடியும்? எந்தப் பக்கம் சேர்ந்தாலும் வீடு இரண்டாகும் என்பது வில்சனுக்குத் தெரியும்.

ஆனால் எண்ணத்தில் நடுநிலை என்பது வில்சனிடமே இருந்ததா என்றால், இல்லை. அவருடைய தாயார் இங்கிலாந்தில் பிறந்தவர். அவரோ அரசியலுக்கு வருமுன் பேராசிரியராக இருந்து, பிரிட்டிஷ் ஆட்சிமுறையை வியந்து எழுதியவர். அவரைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் அதே சாய்வு கொண்டவர்கள். விதிவிலக்கு வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். அவரைப் பற்றிக் கீழே வரும்.

நடுநிலை நாடு ஒன்று போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்கலாமா?

அன்றைய சர்வதேசச் சட்டப்படி அரசாங்கம் விற்கக் கூடாது, தனியார் விற்கலாம். 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைகள் அப்படித்தான் சொல்கின்றன. தனியார் விற்பதைத் தடுக்க வேண்டிய கடமை நடுநிலை அரசுக்கு இல்லை. ஆகவே சட்டத்தின் எழுத்தை அமெரிக்கா மீறவில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம், காசு கொடுத்து வாங்கிப் போகலாம் என்பதுதான் அவர்கள் நிலை.

சிக்கல் எங்கே என்றால், கடைக்கு வரும் வழியை ஒருவன் மறித்து நின்றான்.

யார் மறித்தது?

பிரிட்டன். அதன் கடற்படை உலகிலேயே பெரியது. போர் தொடங்கியதுமே ஜெர்மனிக்குப் போகும் கப்பல்களைப் பிடிக்க ஆரம்பித்தது. 1914 நவம்பரில் வட கடல் முழுவதையும் போர்ப் பகுதி என்று அறிவித்துக் கண்ணிவெடி போட்டது. 1915 மார்ச்சுக்குப் பிறகு உணவு உட்பட எதுவுமே ஜெர்மனிக்குப் போக விடவில்லை. ஆகஸ்டில் பருத்தியும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. தென் மாநிலப் பருத்தி விவசாயிகள் கொதித்தபோது, விலை சரியாமல் இருக்க பிரிட்டனே பருத்தியை வாங்கி அவர்களை அமைதிப்படுத்தியது. ஹாலந்து, டென்மார்க் போன்ற நடுநிலை நாடுகளுக்குப் போகும் சரக்கைக்கூட, அங்கிருந்து ஜெர்மனிக்குப் போய்விடும் என்று சொல்லித் தடுத்தது.

இதன் விளைவை எண்களில் பாருங்கள். பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா அடங்கிய நேச நாடுகளுக்கு அமெரிக்கா விற்றது 1914-ல் சுமார் 82.5 கோடி டாலர். 1916-ல் சுமார் 320 கோடி டாலர். ஜெர்மனிக்கு விற்றது அதே காலத்தில் சுமார் 34.5 கோடியிலிருந்து 20 லட்சம் டாலர் அளவுக்குச் சரிந்தது. கடை எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று அமெரிக்கா சொன்னது பொய்யில்லை. ஆனால் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் உள்ளே வர முடிந்தது.

அதை அமெரிக்கா கண்டிக்கவில்லையா?

கண்டித்தது, காகிதத்தில். குறிப்பு மேல் குறிப்பாக அனுப்பினார்கள். லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதர் வால்டர் ஹைன்ஸ் பேஜ், ஒருமுறை வாஷிங்டனிலிருந்து வந்த கண்டனக் கடிதத்தை பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேயிடம் வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும், எனக்கு இதில் உடன்பாடில்லை, இதற்கு எப்படிப் பதில் எழுதலாம் என்று இருவரும் யோசிப்போம் என்றாராம். இதைக் கிரேயே பிற்பாடு தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். தூதரே இப்படி என்றால் கண்டனத்துக்கு என்ன மரியாதை இருக்கும்!

ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான். பிரிட்டன் மீறினால் கடிதம். ஜெர்மனி மீறினால் எச்சரிக்கை. இதற்கு நியாயம் இல்லாமலும் இல்லை. பிரிட்டன் பிடித்தது சரக்கை. அதற்கு நஷ்டஈடு கொடுத்துவிடலாம். ஜெர்மன் நீர்மூழ்கிகள் எடுத்தது உயிரை. இந்த வித்தியாசம் உண்மையானது. ஆனால் முற்றுகையால் ஜெர்மனியில் பட்டினி கிடந்தவர்களும் உயிர்கள்தான் என்பதை வில்சன் அரசு கணக்கில் கொள்ளவில்லை. இதை அன்றே எடுத்துச் சொன்னவர் பிரையன்.

கடன் விவகாரம் என்ன? வங்கிகள்தான் நாட்டைப் போருக்குள் தள்ளின என்கிறார்களே?

இது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியது.

1914 ஆகஸ்டில், போரிடும் நாடுகளுக்குக் கடன் கொடுப்பது உண்மையான நடுநிலை உணர்வுக்கு ஒவ்வாது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அது பிரையனின் வேலை. போர்க்காலத்தில் தடை செய்யப்படும் சரக்குகள் எல்லாவற்றிலும் மோசமானது பணம், ஏனென்றால் அது மற்ற எல்லாவற்றையும் வாங்கித் தரும் என்பது அவர் வாதம். எனக்குத் தெரிந்து, இந்த மூன்று வருடத்தில் வாஷிங்டனில் சொல்லப்பட்ட தெளிவான வார்த்தை இதுதான்.

இரண்டே மாதத்தில் அந்தத் தடை இளகியது. கடன் கூடாது, ஆனால் வணிகத்துக்கான குறுகிய காலத் தவணை வசதி பரவாயில்லை என்று அக்டோபரில் வாய்மொழியாக விட்டுக்கொடுத்தார்கள். 1915 ஜனவரியில் ஜே.பி. மார்கன் வங்கி பிரிட்டனின் கொள்முதல் முகவரானது. அந்த ஆண்டு கோடையில் நேச நாடுகளிடம் டாலர் தீர ஆரம்பித்தது. இப்போது கேள்வி இப்படி வந்து நின்றது: கடன் கொடுக்காவிட்டால் அவர்கள் வாங்குவது நிற்கும், வாங்குவது நின்றால் நம் ஆலைகள் நிற்கும். பிரையன் அதற்குள் பதவியில் இல்லை. 1915 இலையுதிர் காலத்தில் 50 கோடி டாலர் ஆங்கிலோ-பிரெஞ்சுக் கடன் பத்திரம் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்தது. 1917 ஏப்ரலுக்குள் நேச நாடுகளுக்குப் போன அமெரிக்கக் கடன் சுமார் 230 கோடி டாலர். ஜெர்மனிக்குப் போனது சுமார் 2.7 கோடி.

கடன் வாங்கியவன் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கடன் கொடுத்தவன் சாமியிடம் வேண்டிக்கொள்வான். அந்த வேண்டுதல் நாடு முழுக்கப் பரவியது உண்மை. அதற்காக, மார்கன் கைகாட்டி வில்சன் போருக்குப் போனார் என்று சொன்னால் அது தவறு. 1916 நவம்பர் கடைசியில், பிணையில்லாத வெளிநாட்டுக் கடன் பத்திரங்களில் ஜாக்கிரதை என்று அமெரிக்க மத்திய வங்கியே எச்சரித்தது. அதற்கு வில்சனின் ஆசியும் இருந்தது. லண்டன் ஆடிப்போனது. வங்கிக்காரர்களின் பேச்சைக் கேட்டு நடக்கும் அதிபர் இதைச் செய்திருக்க மாட்டார். பணம் போருக்கு உத்தரவு போடவில்லை. ஆனால் ஒரு பக்கம் தோற்றால் நாமும் நஷ்டப்படுவோம் என்ற நிலையைப் பணம்தான் உண்டாக்கியது. ஜெர்மனியின் கண்ணுக்கும் அமெரிக்கா அப்படித்தான் தெரிந்தது. அது பின்னால் முக்கியமாகிறது.

நீர்மூழ்கிக் கப்பல் விஷயத்தில் அமெரிக்காவுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

பழைய கடற்போர் விதி ஒன்று உண்டு. வணிகக் கப்பலைத் தாக்குமுன் நிறுத்தி, சோதித்து, ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிட வேண்டும். நீர்மூழ்கியின் பலமே மறைந்திருப்பதுதான். மேலே வந்து எச்சரித்தால், ஒரு சாதாரண வணிகக் கப்பலில் இருக்கும் சிறு பீரங்கியே அதை உடைத்துவிடும். பிரிட்டனும் தன் வணிகக் கப்பல்களில் பீரங்கி பொருத்தியது, சில நேரம் நடுநிலை நாட்டுக் கொடியையும் ஏற்றியது.

1915 பிப்ரவரி 4 அன்று, பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலைப் போர்ப் பகுதி என்று ஜெர்மனி அறிவித்தது. அங்கு வரும் எதிரி வணிகக் கப்பல்கள் எச்சரிக்கையின்றி மூழ்கடிக்கப்படும். தவறுதலாக நடுநிலைக் கப்பல்களும் அடிபடலாம் என்றது. ஆறு நாளில் வில்சன் பதில் அனுப்பினார்: அமெரிக்கக் கப்பலுக்கோ உயிருக்கோ சேதம் வந்தால் ஜெர்மனியைக் "கண்டிப்பான பொறுப்பு" ஏற்க வைப்போம்.

என்னைக் கேட்டால், அமெரிக்கா போருக்குள் இழுக்கப்பட்ட கதையின் முதல் முடிச்சு இங்கேதான் விழுந்தது. அந்த வார்த்தை அமெரிக்கக் கப்பலோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் கப்பலில் பயணம் செய்யும் அமெரிக்கருக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்று போகப் போக விரிந்தது. அதன் பிறகு, எந்தக் கடலில் எந்தக் கப்பலில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து நாட்டின் போரும் அமைதியும் நிர்ணயமாகும் நிலை வந்தது.

லூசிடானியாவில் என்னதான் நடந்தது?

1915 மே 1, சனிக்கிழமை. நியூயார்க் 54-ஆம் எண் கப்பல்துறையிலிருந்து லூசிடானியா லிவர்பூலுக்குப் புறப்பட்டது. அன்று காலைப் பத்திரிகைகளில் கப்பல் கம்பெனியின் பயண விளம்பரத்தை ஒட்டி இன்னொரு விளம்பரமும் வந்திருந்தது. கறுப்புக் கட்டம் போட்டு, ஜெர்மன் தூதரகம் கொடுத்தது. பிரிட்டிஷ் கொடி பறக்கும் கப்பலில் போர்ப் பகுதிக்குள் போகிறவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் போகிறார்கள் என்று அதில் இருந்தது. படித்தவர்கள் பேசிக்கொண்டார்கள், சிரித்தார்கள். ஏறக்குறைய யாரும் பயணத்தை ரத்து செய்யவில்லை. அவ்வளவு பெரிய, அவ்வளவு வேகமான பயணிகள் கப்பலை யாராவது அடிப்பார்களா என்ற நினைப்பு.

மே 7 மதியம், அயர்லாந்தின் தென் கரையில், கின்சேல் முனைக்கு அருகே, வால்ட்டர் ஷ்வீகர் தலைமையிலான யு-20 நீர்மூழ்கி ஒரே ஒரு டார்பிடோவை விட்டது. உடனே இரண்டாவதாகவும் ஒரு வெடிப்பு கேட்டது. கப்பல் வலப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததால் இடப்பக்கப் படகுகள் உள்பக்கமாக ஊசலாடி ஆட்களை நசுக்கின. வலப்பக்கப் படகுகள் கப்பலை விட்டு விலகித் தொங்கின, தாவி ஏற முடியவில்லை. 48 படகுகளில் ஆறுதான் ஒழுங்காக இறங்கின. 18 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. செத்தவர்கள் ஏறக்குறைய 1,200 பேர். அதில் 128 பேர் அமெரிக்கர்கள்.

கப்பலின் சரக்கறையில் சுமார் 4,200 பெட்டி துப்பாக்கித் தோட்டாக்களும் இருந்தன. அது கப்பலின் சரக்குப் பட்டியலிலேயே இருக்கும் செய்தி. குழந்தைகளோடு மூழ்கடித்த குற்றத்தை இது குறைக்காது. ஆனால் அதை மறைத்துவிட்டுக் கதை சொல்வதும் சரியில்லை.

அப்புறம் ஏன் உடனே போர் வரவில்லை?

மக்கள் கேட்கவில்லை. கோபம் இருந்தது, அழுகை இருந்தது, போர் வேண்டும் என்ற கோரிக்கை பெரிதாக இல்லை. மூன்று நாள் கழித்து பிலடெல்பியாவில் பேசிய வில்சன், சண்டை போடத் தேவையில்லாத அளவுக்கு ஒரு தேசம் பெருமிதத்தோடு இருக்க முடியும் என்றார். முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் போன்றவர்கள் அவரைக் கோழை என்று சாடினார்கள்.

பிரையன் எழுப்பிய கேள்விதான் இன்றைக்கும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வெடிமருந்து ஏற்றிய கப்பல் பயணிகளைக் காட்டித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கூடாது. அது ஒரு படைக்கு முன்னால் பெண்களையும் குழந்தைகளையும் நிறுத்துவது போன்றது என்று அவர் வில்சனுக்கு எழுதினார். ஜெர்மனிக்குக் கண்டனம் அனுப்புங்கள், கூடவே பிரிட்டனுக்கும் அனுப்புங்கள், அமெரிக்கர்கள் இந்தக் கப்பல்களில் ஏறுவதையும் நிறுத்துங்கள் என்று மன்றாடினார். வில்சன் கேட்கவில்லை. இரண்டாவது கடுமையான குறிப்பில் கையெழுத்துப் போட மனமில்லாமல் ஜூன் மாதம் பிரையன் ராஜினாமா செய்தார். பத்திரிகைகள் அவரைக் கேலி செய்து தீர்த்தன. அவர் இடத்துக்கு வந்த ராபர்ட் லான்சிங், அமெரிக்கா கடைசியில் நேச நாடுகளோடு சேரத்தான் போகிறது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தவர்.

பயணத் தடை போட்டிருந்தால் போதுமே. ஏன் போடவில்லை?

நாடாளுமன்றத்தில் முயன்றார்கள். 1916 தொடக்கத்தில் கோர், மெக்லமோர் என்ற இரு உறுப்பினர்கள், ஆயுதம் பொருத்திய போரிடும் நாட்டுக் கப்பல்களில் அமெரிக்கர்கள் பயணம் செய்வதற்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். வில்சன் முழு பலத்தையும் காட்டித் தோற்கடித்தார். ஒரு உரிமையை விட்டுக்கொடுத்தால் அடுத்தடுத்து அவமானங்கள் வரும், சர்வதேசச் சட்டமே துண்டு துண்டாக நொறுங்கிவிடும் என்பது அவர் வாதம். மார்ச்சில் செனட்டில் 68-14 என்றும், பிரதிநிதிகள் சபையில் 276-142 என்றும் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

கொள்கைப்படி வில்சன் சொன்னதில் பிழை காண்பது கடினம். ஆனால் அதே மார்ச் 24 அன்று சசெக்ஸ் என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பல் டார்பிடோவால் தாக்கப்பட்டு, சில அமெரிக்கர்கள் காயமடைந்தார்கள். இனி இப்படிச் செய்தால் உறவை முறிப்போம் என்றார் வில்சன். மே 4 அன்று ஜெர்மனி பணிந்தது: எச்சரிக்கையின்றி வணிகக் கப்பல்களை மூழ்கடிக்க மாட்டோம். ஆனால் பிரிட்டனும் முற்றுகையை விதிப்படி நடத்த வைக்க வேண்டும் என்று ஒரு வால் சேர்த்திருந்தது. வில்சன் வாக்குறுதியை எடுத்துக்கொண்டு வாலை வெட்டிவிட்டார்.

எல்லோரும் அதை வெற்றி என்று கொண்டாடினார்கள். உண்மையில் அன்றிலிருந்து அமெரிக்காவின் குடுமி பெர்லின் கையில். வாக்குறுதியை அவர்கள் என்று மீறுகிறார்களோ, அன்று அமெரிக்கா செயல்பட்டே ஆக வேண்டும். வில்சனுக்கே இது தெரிந்திருந்தது. நான் போரைத் தடுத்து வைத்திருப்பதாகப் பேசுகிறார்கள், ஆனால் யாரோ ஒரு சின்ன ஜெர்மன் லெப்டினன்ட் நினைத்தால் எந்த நேரமும் நம்மைப் போருக்குள் தள்ளிவிட முடியும் என்று தம் கடற்படை அமைச்சர் ஜோசஃபஸ் டேனியல்ஸிடம் சொல்லியிருக்கிறார்.

ஜெர்மனி அமெரிக்க மண்ணிலேயே நாசவேலை செய்ததாமே?

செய்தது. 1915 ஜூலையில் ஹைன்ரிக் ஆல்பர்ட் என்ற ஜெர்மன் தூதரக அதிகாரி நியூயார்க்கின் உயர்மட்ட ரயிலில் கண்ணயர்ந்து, தன் நிறுத்தம் வந்ததும் பதறி இறங்கும்போது தோல்பையை மறந்துவிட்டார். பின்தொடர்ந்த ரகசியப் போலீஸ்காரர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பையிலிருந்த காகிதங்கள் பத்திரிகையில் வந்தன. அடுத்த ஆண்டு ஜூலை 30 அதிகாலை, நியூயார்க் துறைமுகத்தில் பிளாக் டாம் என்ற இடத்தில், நேச நாடுகளுக்குப் போகவிருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. சுதந்திர தேவி சிலையும் சேதமடைந்தது. அன்று மூடிய தீப்பந்த மேடைக்கு இன்றுவரை பொதுமக்களை ஏற்றுவதில்லை.

இந்தியர்களுக்கு இதில் தொடர்பு உண்டா?

உண்டு. அமெரிக்காவில் இருந்த இந்தியப் புரட்சியாளர்களான கதர் கட்சியினருக்காக ஜெர்மன் பணத்தில் வாங்கிய துப்பாக்கிகளோடு 1915-ல் ஆன்னி லார்சன் என்ற பாய்மரக் கப்பல் சான் டியேகோவிலிருந்து புறப்பட்டது. நடுக்கடலில் சரக்கை மாற்ற வேண்டிய கப்பலைச் சந்திக்க முடியாமல் அலைந்து, கடைசியில் வாஷிங்டன் மாநிலத்தில் பிடிபட்டது. அமெரிக்காவின் நடுநிலைச் சட்டத்தை மீறச் சதி செய்ததாக சான் பிரான்சிஸ்கோவில் வழக்கு நடந்தது 1917 நவம்பரில். அப்போது அமெரிக்காவே போரில் இறங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது.

பெர்லினில் இருந்த இந்தியப் புரட்சிக் குழுவில் திருவனந்தபுரத்துத் தமிழர் செண்பகராமன் பிள்ளையும் இருந்தார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டன் கப்பலில் அவரும் வந்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. அந்த நேரம் அவர் ஐரோப்பாவில் இருந்தார். "அவன் சரியான எம்டன்" என்று நாம் பேசுவது மட்டும் அந்த இரவு விட்டுப் போன உண்மையான தடயம்.

"போருக்கு வெளியே நம்மை வைத்திருந்தார்" என்று சொல்லி ஓட்டு வாங்கியவர், ஐந்தே மாதத்தில் போர் அறிவித்தது மோசடி இல்லையா?

அப்படி நான் நினைக்கவில்லை. அந்த முழக்கம் கட்சியினுடையது; வில்சன் அதில் சங்கடப்பட்டார். 1916 நவம்பர் தேர்தலில் கலிபோர்னியாவில் நாலாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில்தான் பிழைத்தார். அந்த ஆண்டு அவருக்குப் பிரிட்டன் மேல்தான் அதிகக் கோபம். ஜூலையில் எண்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களை பிரிட்டன் கறுப்புப் பட்டியலில் சேர்த்தபோது, என் பொறுமை எல்லைக்கு வந்துவிட்டது என்று எழுதினார். தேர்தல் முடிந்ததும் டிசம்பரில் சமாதான முயற்சி. 1917 ஜனவரி 22 அன்று செனட்டில் "வெற்றியற்ற சமாதானம்" வேண்டும் என்று பேசினார். மனதாரப் பேசினார்.

அவருக்குத் தெரியாத விஷயம், 13 நாள் முன்பே ஜெர்மனியில் முடிவு எடுத்தாகிவிட்டது.

அமெரிக்கா வரும் என்று தெரிந்தே ஜெர்மனி ஏன் துணிந்தது?

ஜனவரி 9, ஜெர்மன் படைத் தலைமையகமாக இருந்த பிளெஸ் மாளிகை. கடற்படைத் தளபதி ஹோல்ட்சென்டார்ஃப் கணக்குப் போட்டுக் கொடுத்தார்: மாதம் 6 லட்சம் டன் கப்பலை மூழ்கடித்தால் ஐந்து மாதத்தில் பிரிட்டன் பட்டினியால் பணியும், அதற்குள் அமெரிக்கப் படை வந்து சேராது. அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மானியர்கள் உருளைக்கிழங்கு கிடைக்காமல் கால்நடைத் தீவனமான டர்னிப் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார்கள். பிரதமர் பெத்மன் ஹோல்வேக் விரும்பவில்லை. ராணுவத்தை எதிர்க்கவும் முடியவில்லை. வாஷிங்டனில் இருந்த தூதர் பெர்ன்ஸ்டார்ஃப் வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சினார்.

மேலே கடன் பற்றிச் சொன்னது இங்கேதான் வந்து சேருகிறது. ஜெர்மன் தளபதிகளின் பார்வையில் அமெரிக்கா ஏற்கெனவே எதிரியின் கிடங்கு, எதிரியின் கல்லாப்பெட்டி. முறைப்படி போரில் இறங்குவதால் அது இன்னும் என்ன பெரிதாகச் செய்துவிடும்? 1917 தொடக்கத்தில் அமெரிக்காவின் நிரந்தரத் தரைப்படை சுமார் 1,27,000 பேர்தான். நடுநிலையின் மதிப்பு, அதை இழந்தால் எதிரிக்கு என்ன நஷ்டம் என்பதில் இருக்கிறது. அந்த மதிப்பு இரண்டரை வருட வியாபாரத்தில் கரைந்துபோயிருந்தது.

பிப்ரவரி 1 முதல் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர். பிப்ரவரி 3 அன்று வில்சன் உறவை முறித்தார்.

சிம்மர்மன் தந்தி உண்மையா, பிரிட்டனின் ஜோடிப்பா?

உண்மை. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் சிம்மர்மன் ஜனவரி 16 அன்று மெக்சிகோவுக்கு அனுப்பியது. அமெரிக்காவோடு போர் வந்தால் எங்களோடு சேருங்கள்; நீங்கள் இழந்த டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவைத் திரும்பப் பெற உதவுகிறோம் என்பது சாரம். இதில் என்னை அதிர வைப்பது அது போன வழி. ஜெர்மனியின் கடலடிக் கம்பிகளை பிரிட்டன் போரின் தொடக்கத்திலேயே அறுத்துவிட்டதால், சமாதானப் பேச்சுக்கு உதவட்டும் என்று வில்சன் தம் அரசின் தந்தி வழியை ஜெர்மனிக்குத் திறந்துவிட்டிருந்தார். அந்த வழியாகத்தான் இந்தச் செய்தி போனது. லண்டன் வழியாகச் சென்ற அதை பிரிட்டிஷ் சங்கேத நிபுணர்கள் படித்துவிட்டார்கள்.

மார்ச் 1 அன்று பத்திரிகைகளில் வந்தபோது, போலி என்று பலர் சொன்னார்கள். மார்ச் 3 அன்று சிம்மர்மனே, மறுக்க முடியாது, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். அட்லாண்டிக்கைப் பற்றிக் கவலைப்படாத மேற்கு, தென்மேற்கு மாநிலங்களுக்கும் போர் அன்று வீட்டு வாசலுக்கு வந்தது.

கடைசி அடி எது?

மார்ச் நடுவில் விஜிலான்சியா, சிட்டி ஆஃப் மெம்பிஸ், இல்லினாய் என்ற மூன்று அமெரிக்கக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்ட செய்தி ஒரே நேரத்தில் வந்தது. அதே வாரம் ரஷ்யாவில் ஜார் பதவி இழந்தார். எனவே இது ஜனநாயகங்களின் போர் என்று சொல்ல இருந்த பெரிய தடையும் விலகியது. மார்ச் 20 அன்று அமைச்சரவை ஒருமனதாகப் போர் என்றது. ஏப்ரல் 2 இரவு, உலகம் ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பானதாக ஆக்கப்பட வேண்டும் என்று வில்சன் பேசினார். செனட்டில் 82-6. பிரதிநிதிகள் சபையில் ஏப்ரல் 6, புனித வெள்ளி, விடியுமுன் 373-50. அமெரிக்க தேசியக் கொடியில் டாலர் குறியைப் பொறிக்கப் போகிறோம் என்று செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் எதிர்த்துப் பேசியது இந்த விவாதத்தில்தான்.

போரில் சுமார் 1,16,000 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். பாதிக்கு மேல் நோயால், பெரும்பாலும் இன்ஃபுளுவென்சாவால்.

மற்ற நடுநிலை நாடுகள் எப்படித் தப்பின?

எல்லாம் தப்பவில்லை. போர்ச்சுகல் 1916 பிப்ரவரியில் பிரிட்டன் கேட்டதற்காகத் தன் துறைமுகங்களில் நின்ற ஜெர்மன் கப்பல்களைப் பறிமுதல் செய்தது. மார்ச் 9 அன்று ஜெர்மனி போர் அறிவித்தது. நார்வே கடைசிவரை நடுநிலையாக இருந்தும், தன் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய பாதியையும் சுமார் 2,000 மாலுமிகளையும் பறிகொடுத்தது. சசெக்ஸ் விஷயத்தில் அமெரிக்கா செய்ததுபோல அது கெடு விதிக்கவில்லை, இழப்பை விழுங்கிக்கொண்டது. ஹாலந்தின் கதை இன்னும் வருத்தமானது. 1918 மார்ச்சில் தங்கள் துறைமுகங்களில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட டச்சுக் கப்பல்களைப் பிடுங்கிக்கொண்டவை பிரிட்டனும் அமெரிக்காவும்தான். நடுநிலை நாட்டின் கடல் உரிமைக்காகப் போருக்குப் போன அதே அமெரிக்கா!

அமெரிக்கா பாடம் கற்றதா?

கற்றது என்றே நினைத்தது. 1934 முதல் 1936 வரை செனட்டர் நை தலைமையில் ஒரு குழு ஆயுத வியாபாரிகளையும் வங்கிகளையும் விசாரித்தது. 1935 முதல் 1937 வரை வந்த நடுநிலைச் சட்டங்கள் ஆயுத விற்பனை, கடன், போரிடும் நாட்டுக் கப்பலில் பயணம் எல்லாவற்றையும் தடை செய்தன. பிரையன் கேட்டதெல்லாம் இருபது வருடம் தாமதமாகச் சட்டமானது. ஆனால் இந்தமுறை எதிரில் இருந்தது ஹிட்லர். 1939 நவம்பரில் ரொக்கம் கொடுத்து, சொந்தக் கப்பலில் ஏற்றிப் போனால் விற்கலாம் என்று தளர்த்தினார்கள். 1940 செப்டம்பரில் பிரிட்டனுக்கு 50 பழைய போர்க்கப்பல்கள். 1941 மார்ச்சில், ஆயுதங்களைக் கடனாகத் தர வழிசெய்த கடன்-குத்தகைச் சட்டம். அக்டோபர் 31 அன்று ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் அட்லாண்டிக்கில் மூழ்கி சுமார் நூறு பேர் இறந்தார்கள். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

இரண்டு முறையும் போருக்கு எதிராக வாக்களித்தவர் யாராவது உண்டா?

ஒருவர் உண்டு. மொன்டானாவின் ஜெனட் ராங்கின், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். 1917-ல் வேண்டாம் என்ற 50 பேரில் ஒருவர். அடுத்த தேர்தலில் செனட்டுக்கு முயன்று தோற்று, 1940-ல் மறுபடி பிரதிநிதிகள் சபைக்கு வந்தார். 1941 டிசம்பர் 8 அன்று, ஜப்பான் மீதான போர்த் தீர்மானத்துக்கு ஆதரவு 388, எதிர்ப்பு 1. அந்த ஒன்று அவருடையது. வாக்களித்துவிட்டு வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. பக்கத்திலிருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, காவலர்கள் வந்து அழைத்துப் போகும்வரை உள்ளேயே நின்றிருந்தார்.